காய் லெக்!

செனகல் தலைநகர் டாக்கர்ல ஒன்றரை வருஷம் வேலை பாத்தேன், அங்க நான் முதல்ல கத்துக்கிட்ட வோலோஃப் வார்த்தையே "காய் லெக்" தான், அதாவது வா சாப்பிடு. மத்தியானம் எந்த வாசலைத் தாண்டினாலும் இது காதுல விழும், தெரிஞ்சவன் தெரியாதவன் கணக்கெல்லாம் கிடையாது.

ஒரு நாள் எங்க ஆபீஸ் டிரைவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். தரையில பாய், நடுவுல பெரிய தாம்பாளம், சுத்தி ஏழு பேரு. செபுஜென், அதாவது மீன் சோறு! மீனைக் கீறி பார்ஸ்லி, பூண்டு, மிளகா இடிச்சு அடைச்சு, பொரிச்சு, தக்காளிக் குழம்புல மரவள்ளி, முட்டைகோஸ், கேரட்டோட வேக வச்சு எடுத்துட்டு, அந்தக் குழம்புலயே சோறு வேகும். அரிசி என்னன்னு பாத்தா குருணை, நம்ம ஊர்ல கோழிக்குப் போடுவோமே அதே தான். குருணை தான் குழம்பை நல்லா இழுக்குமாம். பிரெஞ்சுக்காரன் காலத்துல இந்தோசீனால (வியட்நாம் பக்கம்) இருந்து வந்து இறங்கின பழக்கம், இப்ப நெறைய நம்ம நாட்டுல இருந்து தான் போகுது. 2022 செப்டம்பர்ல இந்தியா குருணை ஏற்றுமதிய நிறுத்தினப்ப தெருமுனைக் கடைக்காரர் என்னமோ நான் தான் கையெழுத்து போட்ட மாதிரி என்னை முறைச்சாரு.

சரி தாம்பாளத்துக்கு வரேன். ஒரே தட்டு தானேன்னு நான் பாட்டுக்கு நடுவுல இருந்த மீனுக்குக் கைய நீட்டிட்டேன், எதிர்ல இருந்த சின்னப் பையன் கண்ணை அகல விரிச்சான். அவங்கவங்க முன்னாடி இருக்கற சோறு மட்டும் தான் அவங்களுக்கு. நடுவுல இருக்கறதை வீட்டம்மா பிச்சு ஒவ்வொருத்தர் பக்கமா தள்ளுவாங்க. டிரைவரோட அம்மா ஒண்ணும் சொல்லல, சிரிச்சிட்டே பெரிய துண்டா ஒண்ணை என் பக்கம் தள்ளி விட்டாங்க. அதுக்கப்புறம் கைய அடக்கி வச்சிக்கிட்டேன்.

2021ல யுனெஸ்கோவோட பாரம்பரியப் பட்டியல்ல ஏறின சாப்பாடு இந்த செபுஜென், செனகலோட செயின்ட் லூயி தீவு மீனவங்க வீட்டுல பிறந்தது. நைஜீரியாவும் கானாவும் யார் ஜொல்லோஃப் ரைஸ் (இதே மாதிரி தக்காளிச் சோறு தான்) ஒஸ்தின்னு இன்னைக்கும் அடிச்சிக்கிறாங்க, ஆனா அந்தப் பேரே செனகல்ல இருந்த பழைய ஜொலோஃப் ராஜ்ஜியத்தோடது (டாக்கர்ல யாரைக் கேட்டாலும் இதைத் தான் முதல்ல சொல்வாங்க).

கடைசியா அடிப்பிடிச்ச காந்தல். அதுக்குன்னு "ஹோஞ்"னு தனிப் பேரே இருக்கு! பாட்டி சட்டியச் சுரண்டி எனக்கு மட்டும் குடுக்கும்ல, இங்க அதுலயும் ஏழு பங்கு. அப்புறம் டீ, அத்தாயா, குட்டி கிளாஸ்ல நுரை பொங்க மூணு ரவுண்டு, முதல் ரவுண்டு கசப்பு, போகப் போக சர்க்கரை ஏறும். மூணாவது குடிச்சு எந்திரிக்கறப்ப மணி நாலரை, போன்ல மேனேஜரோட மிஸ்டு கால் அஞ்சு.