துறைமுகக் கதை மலையிலிருந்து தொடங்குகிறது

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரி ஒஃபிஸில் வேலை. கடல் இங்கிருந்து எவ்வளவோ தூரம், ஆனால் நான் எழுதுகிற இன்வாய்ஸ் எல்லாம் கொழும்புக்குத்தான் போகிறது. சலித்துத் தரம் பிரித்த தூளைக் கடதாசிச் சாக்கில் நிரப்பி, தோட்டத்துப் பெயர், கிரேட், இன்வாய்ஸ் நம்பர், நிறை எல்லாம் மேலே அடித்து லொறியில் ஏற்றுவோம்.

அதனாலோ என்னவோ, துறைமுகத்தைப் பற்றி யார் பேசினாலும் காது அந்தப் பக்கம் போய்விடும். கப்பல், கிரேன், கொள்கலன் என்று கடலோரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதைதான். முன்பு ஐரோப்பிய நீராவிக் கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்தில்தான் தரித்தன. கொழும்போ, தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் கப்பல் பாடு திண்டாட்டமாகிவிடும் திறந்த கரை. அதைத் துறைமுகமாக்கும் தேவையைக் கொண்டுவந்ததில் மலைநாட்டுக் கோப்பிக்குப் பெரிய பங்கு உண்டு. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பியை இறக்கத்தான். 1875இல் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள், அதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்று தீர்க்க, அந்த நிலத்தில் தேயிலை ஏறிவிட்டது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம், 1885இல் நானுஓயா வரைக்கும் ரயில். அப்புறம் காலி பின்னுக்குப் போய்விட்டது.

இந்த வருஷங்களையெல்லாம் எழுதுகிறவர்கள், அதே காலத்தில் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்த சனத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் பறித்த கொழுந்துதான் கொழும்பில் கப்பல் ஏறியது. துறைமுகத்தின் வரலாற்றில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரம், ஏலம் ஒன்லைனுக்கு மாறியது. விலை இப்போது சுருக்கென்று வந்துவிடுகிறது, ஆனால் மலையில் அது ஒஃபிஸ் மேசையைத் தாண்டுவதில்லை. கொழுந்து நிறுக்க வரும் அக்காமார் சிலர் ஜன்னலோரம் வந்து, "நம்ம தூள் என்ன விலைக்குப் போச்சு ஐயா?" என்று கேட்பார்கள். சொல்லிவிடுவேன். ஒருமுறை அதற்காக மேலிடத்தில் பேச்சு வாங்கினேன், சரி, இருக்கட்டும். அவர்கள் பறித்த கொழுந்தின் விலை அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?