‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்று வந்த ரிப்போர்ட்

அப்பாவின் நெஞ்சுச் சளி ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிட்டது. மாத்திரை முடிந்த கையோடு பேதி பிடித்துக்கொண்டது. கூடவே அடிவயிற்று வலி, காய்ச்சல். மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அதாவது மல கல்ச்சர் எழுதினார்கள். ‘நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப், காற்றுப் பட்டால் வளராத பாக்டீரியா. சாதாரண கல்ச்சரில் அது சிக்காது. அது விடும் நச்சைத் தேடும் டாக்சின் சோதனை என்று தனியாக எழுத வேண்டும். 65 வயதைத் தாண்டியவர், இப்போதுதான் ஆன்டிபயாடிக் முடித்தவர் என்றால் முதல் சந்தேகமே இதன் மேல்தான் வரவேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், “கடைசியா என்ன மாத்திரை சாப்பிட்டீங்க ஐயா?” என்றுதான் ஆரம்பித்தார். உடனே சோதனையை எழுதினார். ஆனால் லேப் கவுண்டரில் இருந்தவர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. “காலைல எடுத்ததா? ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா? செல்லாது சார்.” வெளியே வைத்தால் டாக்சின் சிதைந்துவிடுமாம். சரி, அதை டப்பா கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே! நீங்கள் போவதாக இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மலம் தளர்வாக இருந்தால்தான் வாங்குவார்கள். கெட்டியாக இருந்தால் திருப்பிவிடுவார்கள்.

மறுபடி கொடுத்தோம், பாசிட்டிவ்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கினார். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிட, காலியான இடத்தில் சி.டிஃப் பெருகி ஏ, பி என்று இரண்டு நச்சுகளை விடுகிறது. அவை குடல் செல்லுக்குள் புகுந்து, அதன் உருவத்தைத் தாங்கும் இழைகளைக் கட்டுப்படுத்தும் புரதங்களை முடக்குகின்றன. கூடாரத்தின் கயிற்றை அறுத்தது போல செல் சரிந்து உருண்டுவிடும். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கிப் பிடித்திருந்த இணைப்புகளும் விடுபடும். அந்த இடைவெளியில் நச்சும் மற்ற பாக்டீரியாக்களும் உள்ளே நுழைய, வெள்ளையணுக்கள் திரண்டு வரும், அழற்சி பற்றிக்கொள்ளும். முற்றினால் பெருங்குடலின் உள்சுவரில் மஞ்சள் திட்டுகள் படியும்.

இதைக் கேட்ட பிறகுதான், பேதியை நிறுத்த லோபரமைடு வாங்கித் தரச்சொன்னவர்களின் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. குடல் அசைவை அடக்கினால் நச்சு உள்ளேயே தங்கிவிடும். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சி.டிஃபைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கை எழுதினார்: வான்கோமைசின் 125 மில்லிகிராம், நாளுக்கு 4 வேளை, 10 நாள். மருந்துக்கடையில், “வான்கோமைசினா? அது நரம்புல போடற ஊசிதானே” என்று சந்தேகப்பட்டார்கள். நரம்பில் ஏற்றினால் மருந்து குடலின் உட்பகுதிக்குப் போய்ச் சேராது. வாய்வழியாகத்தான் என்று டாக்டரிடமே போனில் பேசவைத்து வாங்கினேன்.

மாத்திரை வேலை செய்தது. வீட்டில்தான் கவனம் தேவைப்பட்டது. சி.டிஃபின் ஸ்போர்கள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் அதன் வித்துகள், சானிடைசருக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், கழிவறைக்கு ப்ளீச்.

பேதி நின்ற பிறகு ‘போய்விட்டதா’ என்று மறுபடி சோதிக்கச் சொல்லி ஒருவர் அனுப்பப் பார்த்தார். நான் மறுத்துவிட்டேன். குணமானவர்களுக்கும் சில வாரங்கள் பாசிட்டிவ் வரலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது, பெரும்பாலும் 8 வாரத்துக்குள். அதனால் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு அப்பாவின் வயிற்றைத்தான் கவனித்தேன். திரும்பவில்லை. இப்போது யார் ஆன்டிபயாடிக் எழுத வந்தாலும், சி.டிஃப் வந்தவர் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.