ஒரு திருமுழுக்குச் சான்றிதழுக்காக மூன்று பயணம்

தமிழ்நாட்டில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் வன்னிப் பிள்ளைகளே, வீசாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதலில் உங்கள் திருமுழுக்குச் சான்றிதழ் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள்.

விண்ணப்பத்தில் 'கத்தோலிக்கர்' என்ற பெட்டி இருந்தது. அடையாளமிட்டேன். இந்திய அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. அதனால் இத்தகைய கல்லூரிகள் கத்தோலிக்கருக்கென்று இடம் ஒதுக்குவதுண்டு. அதில் ஒன்று எனக்கும் விழும் என்ற நப்பாசைதான். அடையாளமிட்டால் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் வாசித்தேன்.

எங்கள் வீடு புதுக்குடியிருப்பில். முல்லைத்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் (ஓர் ஆயரின் கீழ் உள்ள திருச்சபைப் பிரிவு) வருகிறது என்ற ஒரே அறிவோடு பரந்தனில் பஸ் மாறி யாழ்ப்பாணம் போனேன். எனக்குத் திருமுழுக்குக் கொடுத்ததோ மாந்தை மேற்கில் ஒரு சின்னக் கோயிலில். அது மன்னார் மறைமாவட்டம்; 1981இலேயே தனியாகிவிட்டது. புறப்படுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நாளும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும். இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. உங்கள் தலையில் எங்கே தண்ணீர் ஊற்றினார்கள் என்பதே கணக்கு.

இரண்டாவது பயணம் அந்தச் சின்னக் கோயிலுக்கு: மாங்குளத்தில் ஒரு பஸ், வவுனியாவில் இன்னொரு பஸ். பங்குத்தந்தை அலுமாரியைத் திறந்தே காட்டிவிட்டார். இருந்த பதிவேடுகள் எல்லாம் போருக்குப் பிந்தியவை. 2008இல் சனம் கிழக்கே நகர்ந்தபோது பழையவையும் கூடவே போயினவாம். எந்த இடத்தில் கைவிடப்பட்டன என்று சொல்ல ஆளில்லை.

கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதினேன்: பதிவேடு போரில் அழிந்துவிட்டது, என்ன செய்யலாம்? 'சான்றிதழை இணைக்கவும்' என்று பதில் வந்தது. விளக்கி மறுபடி எழுதினேன். அதே பதில். மூன்றாவது முறை எழுத்துப்பிழைகூட மாறாமல் வந்தது.

வழி காட்டியவர் அதே பங்குத்தந்தை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் பிரிவின்படி, யாருக்கும் பாதகம் இல்லையென்றால், ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை உறுதிப்படுத்தப் போதும். "ஞானத்தாய் இருக்கிறாரா?" என்று கேட்டார். முருங்கனில் இருக்கிறார் என்றேன்.

மூன்றாவது பயணத்தில் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஞானத்தாயை அப்படித்தான் கூப்பிடுவேன். திகதியைக் கேட்டதும் அவர் சிறிதும் யோசிக்கவில்லை. "பாதை பூட்டிய மாதம், சுவாமி. மடுத் திருநாள் கழிந்து வந்த ஞாயிறு. வெள்ளைத் துணி கிடைக்கவில்லை, என்னுடைய கலியாணச் சேலைத் தலைப்பை வெட்டித்தான் இவனுக்குச் சட்டை தைத்தேன்." யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை முகமாலையில் அடைபட்டது 2006 ஆகஸ்டில்; மடு மாதா திருநாள் ஆகஸ்ட் 15. பங்குத்தந்தை கைபேசியில் நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, 'ஆகஸ்ட் 20' என்று எழுதினார். பெரியம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டார். கையெழுத்து கோட்டிலிருந்து விலகிக் கீழே சரிந்து போனது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடப்பெயர்வுக்கும் மழைக்கும் பயந்து எங்கள் வீட்டில் பத்திரங்களை எல்லாம் லெமினேற் செய்துவைத்திருக்கிறோம். அப்படிச் செய்த பிறப்புச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்த மறுத்துவிட்டார்கள், புதுப் பிரதி எடுக்க வேண்டியதாயிற்று. வீசா சிக்கலின்றிக் கிடைத்தது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் வீசா என்றால், இந்தியாவுக்கு வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கான கடிதத்தைக் கல்லூரியில் வந்த அன்றே கேளுங்கள். ஒரு கையெழுத்துக்காக நான் ஒன்பது நாள் காத்திருந்தேன்.

சேர்க்கை நாளில் என் கோப்பைப் புரட்டிய எழுத்தர் திருமுழுக்குத் தாளைத் தனியே எடுத்துப் பார்த்தார். "வெளிநாட்டு மாணவர்களுக்கு இட ஒதுக்கீடே கிடையாதே தம்பி, இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள்?" என்றார். மூன்று முறை 'இணைக்கவும்' என்று எழுதியது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. விடுதி அறை இன்னும் கொடுக்கவில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன். பிறகு அவரே ஒரு பயனைக் கண்டுபிடித்தார்: கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி வகுப்பு, மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு, என்னை எதில் போடுவது என்று தீர்மானிக்க அந்தத் தாள் உதவுமாம். வரவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

சொல்லிக்கொண்டே துளையிடும் கருவியை எடுத்துத் தாளில் இரண்டு துளை போட்டுக் கோப்பில் கோத்துவிட்டார். ஒரு துளை பெரியம்மாவின் கையெழுத்து மேலேயே விழுந்தது. நீங்கள் போகும்போது இரண்டு பிரதிகளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.