காற்று பிரித்துக் கொடுக்கும் வேலை

மண்பாண்டம், மைச்சித்திரம், நீர்வண்ணம் என மூன்றையும் எப்படிச் சேர்த்துச் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ராமேஸ்வரம் தீவுக்கு எதிர்க்கரையில், மண்டபம் ஊர்ப் பக்கம் குடியிருந்தால் அதை நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. எந்த மாதம் எந்த வேலை என்பதைக் காற்றே பிரித்துக் கொடுத்துவிடும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். அப்போது நீர்வண்ணத்தை நான் தொடுவதில்லை. அடுத்த நிறத்தில் தூரிகையைத் தோய்ப்பதற்குள் முதல் பூச்சின் ஓரம் காய்ந்து கோடாகிவிடும். மைக்கு அதுவே வசதி, போட்ட கோடு கலையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் கரையோரம் கட்டிக் கிடக்கும். நிதானமாக உட்கார்ந்து வரையலாம். தனுஷ்கோடிக்கும் போவேன். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் பவளக்கல்லால் ஆனது. கல் முழுக்கத் துளை. அதைக் கோட்டால் பிடிக்க முடியாது. புள்ளி புள்ளியாக வைத்தால்தான் அந்தக் கல் தாளில் வரும்.

மண் வேலைக்கு மழை விட்ட தை, மாசி. என் மனம் அதிகம் தங்குவது இதில்தான். இங்கே கண்மாய் மண்ணில் உப்பு இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வேளார் பெரியவர், மண் வந்து இறங்கியதும் ஒரு துளி கிள்ளிக் கொடுத்து, “நாக்குல வச்சுப் பாரு தாயி, அப்புறம் சக்கரத்துல வைக்கலாம்” என்பார். கரிக்கும் மண்ணில் பானை செய்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்போது உப்பையும் மேலே இழுத்து வந்து விட்டுவிட்டுப் போகும். எந்த இடம் சீக்கிரம் காய்கிறதோ அங்கே அதிகம் சேரும். அதனால்தான் விளிம்பிலும், காற்றுப் பட்ட பக்கத்திலும் வெள்ளையாகப் பூக்கிறது. சூளையிலிருந்து எடுத்த பானையைப் பார்த்தே அது எந்தப் பக்கம் காற்று வாங்கிக் காய்ந்தது என்று சொல்லிவிடலாம்.

மண்ணை நல்ல தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை இறுத்து, மறுபடி கரைத்தால் உப்பு குறையும். ஆனால் குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு குடிநீருக்காகப் பெண்கள் நடக்கும் மாவட்டம் இது. அந்தத் தண்ணீரை மண் கழுவ ஊற்ற என்னால் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து, வருடத்துக்கு வேண்டிய மண்ணை அப்போதே கரைத்து வைத்துவிடுகிறேன். அது எத்தனை பானைக்கு வருமோ அத்தனைதான் அந்த வருடம். கூடுதலாகக் கேட்டு வருகிறவர்களிடம் அடுத்த தைக்கு வரச் சொல்கிறேன். வருமானம் குறையும், சரி. ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் மெதுவாக உலர்த்துவதால் விரிசலும் குறைகிறது, வெள்ளையும் ஒரே பக்கம் திரளாமல் பரவலாகப் படிகிறது. மிச்சம் இருக்கும் வெள்ளையைச் சுரண்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுவேன். அது இந்தக் கரையின் மண் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மண் கரைக்கும் அதே மழை மாதங்கள்தான் நீர்வண்ணத்துக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் தாள் வெகுநேரம் காயாது. அல்ட்ராமரைன் நீலம் நகர்ந்து நகர்ந்து தாளின் குழிகளில் துகளாகப் படிய அவகாசம் கிடைக்கும். வாடைக் காற்றில் இப்போது வடகடல் கலங்கும், தென்கடல் தெளியும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். பக்கத்திலேயே 2025இல் திறந்த புதிய ரயில் பாலம். அதையும், 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும் மையில் நிறைய வரைந்துவிட்டேன். இரண்டு கடலின் நிறத்தையும் ஒரே தாளில், நடுவில் கோடு தெரியாமல் சேர்ப்பது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த மழைக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.