ஓட்டாம வெச்சிருந்தா விலை ஏறுற கார்

ரெண்டு வாரமா பிரிட்டன் கம்பெனி மெக்லாரன் 90கள்ல செஞ்ச எஃப்1ங்கற கார் பத்தியே படிச்சிட்டு இருக்கேன், வேலையத்த வேலைன்னுகூட வெச்சுக்கோங்க. எல்லாம் சேர்த்து மொத்தமே 106 கார்தான் செஞ்சாங்க, அதுல ரோட்டுல ஓட்டன்னு வந்தது 64. டிரைவர் சீட்டு நட்டநடுவுல, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னால தள்ளி ஒவ்வொரு சீட்டு, எஞ்சின் ரூம்ல சூடு தாங்க உள்பக்கம் பூரா தங்க ரேக்கு, ஆமா நிஜத் தங்கம்தான். டர்போ கிர்போ எதுவும் இல்லாம 1998ல மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடிக் காட்டுச்சு.

இப்படி ஓடுற கார வாங்குறவங்க பல பேரு அத ஓட்டுறதே இல்லங்கறதுதான் எனக்குப் புரியாத விஷயம். 2021ல அமெரிக்காவுல பெபிள் பீச் ஏலத்துல ஒரு எஃப்1 2 கோடியே 4 லட்சம் டாலருக்கும் மேல போச்சு. மீட்டர்ல 400 கிலோமீட்டர் கூட ஓடல, கால் நூற்றாண்டுக்கும் மேல அப்படியே பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க! சும்மா நிக்குதேன்னு செலவும் நிக்காது, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பெட்ரோல் டேங்க் உள்ள இருக்கற பைய மாத்தணும், அதுக்கு எஞ்சினையே கழட்டி வெளிய எடுக்கணும். இதுல இன்னொரு கூத்து, சர்வீஸ் பண்ண 90கள்ல வந்த காம்பேக் (Compaq) கம்பெனியோட ஒரு லேப்டாப்தான் வேணும்னு மெக்லாரன் அத ரொம்ப நாள் கட்டிக் காப்பாத்திட்டு இருந்தாங்க.

கார் சேத்து வெக்கறவங்க காசு குடுக்கறது வேகத்துக்கு இல்ல, எண்ணிக்கை கம்மியா இருக்கறதுக்குன்னுதான் எனக்குத் தோணுது. அந்த விஷயத்துல ஃபெராரி கில்லாடி. அவங்களோட லாஃபெராரிங்கற மாடல வாங்க காசு இருந்தா மட்டும் பத்தல, கம்பெனியே பாத்து கூப்பிடணும்னு வெச்சிருந்தாங்க. 499 கார்தான்னு சொல்லிட்டு, இத்தாலி பூகம்ப நிவாரணத்துக்குன்னு 500வதா ஒண்ணு செஞ்சு 2016ல ஏலம் விட்டாங்க, 70 லட்சம் டாலர். நல்ல காரியம்தான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா ஃபெராரியோட பழைய மாடல் எஃப்40 கூட முதல்ல 400தான்னாங்க, கடைசில 1300ஐத் தாண்டிருச்சு.

நான் ரோவன் அட்கின்சன் கட்சி. ஆமா, மிஸ்டர் பீனேதான். 1997ல 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு ஒரு எஃப்1 வாங்கி, 41,000 மைல் ஓட்டி, ரெண்டு தடவ இடிச்சு, அதுவும் 2011ல மரத்துல மோதினதுக்கு ரிப்பேர் பில்லு மட்டும் 9 லட்சம் பவுண்டத் தாண்டி, எல்லாம் முடிஞ்சு 2015ல வித்தாரு பாருங்க, 80 லட்சம் பவுண்டு வாக்குல! பொத்தி வெச்சவன் கணக்கு எங்க போச்சு?

அந்த 400 கிலோமீட்டர் கார கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தாலே போதும் எனக்கு. அவரோட கார்ல மட்டும் ஒரு தடவ உள்ள எட்டிப் பாக்கணும், அந்த நடு சீட்டு லெதர் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு.