மணிக்கு ஐஸ் ட்ரீட்: நாலு பேட்ச் முடிஞ்சாச்சு

வெயில் ஏற ஆரம்பிச்சதுல இருந்து எங்க வீட்டு நாய் மணி பாத்ரூம் வாசல்லயே குடியிருக்கான், அங்க தரை எப்பவும் கொஞ்சம் ஈரமா குளுகுளுன்னு இருக்கும்ல, அதான். ஆறு வயசு, 12 கிலோ, கலப்பு இனம், சாப்பாடுன்னா உயிர். கடையில விக்கிற ட்ரீட் பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா உள்ள போட்டிருக்கிற பொருள்ல பாதியோட பேரு வாயிலயே நுழையல, சரி நாமளே செஞ்சு பாத்துடுவோம்னு இறங்கி மூணு வாரம் ஆச்சு. எது தேறுச்சு எது ஊத்திக்கிச்சுன்னு எழுதி வச்சிடுறேன்.

முதல் பேட்ச் சிக்கன் வேகவச்ச தண்ணி. உப்பு இல்ல, வெங்காயம் பூண்டு சுத்தமா இல்ல (அது ரெண்டும் நாய் ரத்தத்துல சிவப்பணுவை உடைச்சிடும், பொடியா போட்டாலும் அதே கதைதான்). சாதா ஐஸ் ட்ரேயில ஊத்தி ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு காலையில ஒரு க்யூபை எடுத்துத் தட்டுல போட்டேன். மோந்து பாத்தான், என்னைப் பாத்தான், மூக்கால ஒரு தள்ளு தள்ளினான், அது வழுக்கிட்டுப் போய் சோபாவுக்கு அடியில சேந்துச்சு, இவன் பாட்டுக்குத் திரும்பிப் போய் படுத்துட்டான். சிக்கன் வேகும்போது என் காலையே சுத்திட்டு இருந்தவன் இதை ஏன் கண்டுக்கலன்னு ரொம்ப நேரம் எனக்குப் புரியல. அப்புறம்தான் உறைச்சுச்சு, நாய் மூக்காலதான் சாப்பிட ஆரம்பிக்குது, கெட்டியா உறைஞ்சு கிடக்கிற பொருள்ல இருந்து வாசமே மேல எழும்பாது, அவனைப் பொறுத்தவரை நான் வச்சது வெறும் கல்லு. அடுத்த க்யூபை அஞ்சு நிமிஷம் வெளிய வச்சு, மேல லேசா தண்ணி விட ஆரம்பிச்சதும் குடுத்தேன். நக்கினான்.

நக்கினதோட விட்டிருந்தா பரவால்ல, கடவாய்ப் பல்லுல வச்சு ஒரே கடி. "கடக்"னு வந்த சத்தத்துல எனக்குத்தான் பல்லு கூசுச்சு. நாய் மெல்லுற எதுவா இருந்தாலும் நகத்தால அழுத்தினா துளியாவது பள்ளம் விழணும், விழலன்னா அது பல்லை உடைக்கும்னு டாக்டருங்க சொல்ற டெஸ்ட் ஒன்னு இருக்கு. என் க்யூபை அழுத்தினதுல நகம்தான் வலிச்சுச்சு. மீதி ட்ரேயை உருக்கி அவன் சாப்பாட்டுலயே ஊத்திட்டேன்.

ரெண்டாவது பேட்ச்சுக்கு வாழைப்பழம், தயிர். இனிப்பும் கொழுப்பும் இருந்தா அவ்வளவு இறுக்கமா உறையாது, அந்தக் கணக்குதான். தோல் கறுத்துப்போன பழம் ஒன்னு, சர்க்கரை போடாத கெட்டித் தயிர் 150 கிராம், மிக்ஸில ஒரு சுத்து, சிலிகான் மோல்டுல 10 பீஸ் வந்துச்சு. நகம் இறங்குச்சு! மணிக்கும் ஏகப்பட்ட குஷி, ஒன்னு குடுத்தா உக்காந்து அடுத்ததுக்குக் கையைத் தூக்குறான், நானும் உருகிப்போய் ஆறு பீஸ் குடுத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டுறான். அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் மூணு தடவை வெளிய போயிட்டு வந்தோம், விவரம் வேணாம். தயிர்ல பாலை விட லாக்டோஸ் (பால்ல இருக்கிற சர்க்கரை) கம்மிதான், ஆனா சுத்தமா இல்லாம இல்லல்ல, பழக்கமில்லாத வயித்துல ஒரேடியா அவ்வளவு போனா இதான். மறுநாள் புத்தி வந்து கணக்கு போட்டேன். ட்ரீட் எல்லாம் சேத்து ஒரு நாள் கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொல்வாங்க. மணி சைஸுக்கு ஒரு நாளைக்கு சுமார் 700 கலோரி, அப்போ ட்ரீட்டுக்கு 70. ஒரு வாழைப்பழமே 100 கிட்ட வருது! தயிரையும் சேத்துப் பத்தால வகுத்தா ஒரு பீஸ் 20, அதாவது மூணோட நிறுத்தியிருக்கணும்.

மூணாவது தர்பூசணி. விதை, தோல் எல்லாம் எடுத்துட்டு அரைச்சு ஊத்தினேன். 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, வேற என்ன ஆகும், மறுபடியும் கல்லு. அதோட அதை மிதியடிக்குத் தூக்கிட்டுப் போய் வச்சு நக்கினதுல சிவப்புக் கறை. இந்தப் பக்கம் திரும்பப் போறதா இல்ல.

நடுவுல பீநட் பட்டர் போடலாமான்னு ஒரு யோசனை. வீட்ல இருந்த டப்பா சுகர் ஃப்ரீ, ஸ்பூனைக் கூட உள்ள விட்டாச்சு, ஏதோ தோணி லேபிளைத் திருப்பினா சைலிட்டால், சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பு. கை சில்லுன்னு ஆயிடுச்சு. மனுஷங்களுக்கு இப்படிப் பண்ணாது, ஆனா நாய் உடம்புல இன்சுலினை மடமடன்னு சுரக்க வச்சு ரத்த சர்க்கரையை ஒரேடியா இறக்கிடும், கல்லீரலும் கெட்டுப்போகலாம். பிர்ச் சுகர், இ967ன்னு வேற பேர்ல போட்டிருந்தாலும் அதுவேதான். டப்பா இப்போ மேல் ஷெல்ஃப்ல, மணி எட்டாத இடத்துல. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட்டும் இந்த விளையாட்டுல கிடையாது.

நாலாவதுதான் ஜாக்பாட். மறுபடியும் சிக்கன் தண்ணி, ஆனா இந்தத் தடவை ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வச்சேன், கொழுப்பு மேல வெள்ளையா அப்பளம் மாதிரி கட்டிக்கிச்சு, ஸ்பூன் நுனியால நெம்பினா முழுசா வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு கப்புக்கு 7 கிராம் ஜெலட்டின் (ஜெல்லி மாதிரி கட்ட வைக்கிற பொடி), வாசனையும் இனிப்பும் சேர்க்காதது. ஆறின சிக்கன் தண்ணியில கொஞ்சம் தனியா எடுத்து, அதுல தூவி அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, மீதியைச் சூடாக்கி கலந்தா கரைஞ்சிடுது, கொதிக்க விட வேணாம். வேகவச்ச சிக்கனைப் பிச்சு மோல்டுக்கு ஒரு சிட்டிகை போட்டு ஊத்தினேன். உறைஞ்சதுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம் வெளிய வச்சா நகம் அழகா இறங்குது, அதை விட பெரிய விஷயம், உருகினாலும் தண்ணியா ஓடாம ஜெல்லியாவே நிக்குது, தரையில குளம் இல்ல, மிதியடியும் தப்பிச்சுச்சு. மணி முதல்ல நக்குறான், ஓரம் இளகினதும் மெல்லுறான், நடுவுல சிக்கன் தட்டுப்பட்டதும் காது ரெண்டும் பின்னாடி போகுது பாருங்க, அதுக்காகவே செய்யலாம்.

இது சும்மா ஜாலிக்குத்தான். வெயில்ல மூச்சு இரைச்சு தள்ளாடுற நாய்க்கு இதைக் குடுத்துட்டு உக்காந்துடாதீங்க, நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்புல தண்ணி ஊத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.

அடுத்து பூசணிக்காயை வேகவச்சு மசிச்சு ஜெலட்டினோட போட்டுப் பாக்கணும். இப்போ இருக்கிற ஒரே தொல்லை ஃப்ரீசர் கதவுதான். நான் சமையலுக்குப் பட்டாணி எடுக்கப் போனாலும் பின்னாடி வந்து உக்காந்து கையைத் தூக்கிடுறான், ஒரு பட்டாணியாவது வாயில போடாம கதவை மூட முடியல.