அரிசிப் பை சொன்ன கணக்கு: கட்டிங் 8-ஆவது வாரம்

உடம்புக் கொழுப்பைக் குறைக்க எட்டு வாரமாகச் செய்துவருகிற கட்டிங்கில் முதல் ஐந்து வாரம் நான் என்ன சாப்பிட்டேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். ஆனால் கொஞ்ச நாள் தராசைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

காகிதத்தில் கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. உடல் எடை 78 கிலோ, நாளைக்கு 2200 கலோரி. புரதம் 150 கிராம், கொழுப்பு 60 கிராம், மிச்சம் 265 கிராம் கார்ப், அதாவது மாவுச்சத்து. ஜிம் போகும் 4 நாளும் 310, ஓய்வு நாள் மூன்றிலும் 205, வாரச் சராசரி அதே 265. கார்பை அடியோடு வெட்டிவிட்டுப் எடை மாட்டிய பாருக்கு அடியில் நின்று நடுங்குகிற ஆள் இல்லை நான். கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது, பலம் எங்கே போய்விடும் என்ற தைரியத்தில்தான் ஆரம்பித்தேன்.

போய்விட்டது. 115 கிலோவில் 5 செட், செட்டுக்கு 5 ரெப் (5 முறை) போட்டுக்கொண்டிருந்த ஸ்குவாட், ஐந்தாவது வாரம் 107.5-லேயே 5, 5, 4, 3, 2 என்று வந்து நின்றது. முதல் இரண்டு செட்டில் குறையே சொல்ல முடியாது. மூன்றாவதில் தொடை பஞ்சாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், 135 கிலோ சிங்கிள், அதாவது ஒரே ஒரு ரெப், எப்போதும் போலவே ஏறியது. இதுதான் துப்பு, நான்தான் கவனிக்கவில்லை. ஒற்றை ரெப்புக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கிற உடனடி எரிபொருளான ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டுமே பெரும்பாலும் போதும். செட் மேல் செட்டாகப் போகும்போதுதான் கிளைக்கோஜன், அதாவது கார்பிலிருந்து தசை சேர்த்து வைக்கிற கையிருப்பில் கை வைக்க வேண்டிவரும். சிங்கிள் நிற்கிறது, செட்டுகள் சரிகின்றன என்றால் முதலில் கார்பைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டது தூக்கத்தை, அப்புறம் பெல்ட்டை, அப்புறம் ஷூவை. கால் அகலத்தைக்கூட இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன்.

எடை மட்டும் 78-லிருந்து 72.9-க்கு வந்திருந்தது. போட்ட கணக்குப்படி இதில் பாதிகூடக் குறைந்திருக்கக் கூடாது. நானோ என் உடம்பு வாகு அப்படி என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தேன். கூடப் பயிற்சி செய்கிற நண்பன் மட்டும், "நீ மெலியலடா, வாடிப் போயிருக்க" என்றான்.

காட்டிக்கொடுத்தது அரிசிப் பை. 5 கிலோ பை, நான் ஒருத்தன்தான் சாப்பிடுகிறேன். தினம் 200 கிராம் என்றால் 25 நாளில் காலியாகியிருக்க வேண்டும். 35-ஆவது நாள் பார்த்தால் பை பாதி அப்படியே கிடக்கிறது! சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிற மொபைல் ஆப்பில் நான் பதிந்து வைத்திருந்தது வேகாத அரிசியின் கணக்கு. தட்டில் எடை போட்டது வெந்த சோறு. 200 கிராம் அரிசியில் கார்ப் ஏறக்குறைய 160 கிராம், 200 கிராம் சோற்றில் 56 கிராம்தான். தினமும் நூறு கிராம் கார்ப், 460 கலோரி, கணக்கில் இருந்தது, வயிற்றில் இல்லை.

சரி, வெந்த சோற்றின் கணக்கையே பதிந்தால் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரே அரிசி, ஒரே பாத்திரம், 200 கிராம் போட்டால் ஒரு நாள் 560 கிராம் வந்தது, தண்ணீர் கொஞ்சம் கூடிய மறுநாள் 610. இப்போது செய்வது இதுதான். காலிப் பாத்திரத்தின் எடை 1140, அதை மார்க்கரால் அடியில் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு நாளைக்குச் சேர்த்து 400 கிராம் அரிசி வேகவைத்து, ஆவி அடங்கியதும் பாத்திரத்தோடு எடை போடுவேன். நேற்று 2270. கழித்தால் சோறு 1130. ஒரு வேளைக்கு எனக்கு வேண்டியது 150 கிராம் அரிசிக்கான பங்கு என்றால், அதாவது 1130-ஐ 400-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்க, 424 கிராம். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது. ஆவி பறக்கும்போதே எடை போடக் கூடாது, எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே இருக்கும்.

தராசைப் பற்றியும் ஒரு புலம்பல். பாத்திரம் பெரிதாக இருந்தால் திரையே மறைந்துவிடுகிறது, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல்தான் பாத்திரம். பரிமாறிக்கொண்டிருக்கும்போது பாதியில் தானாக அணைந்துவிடும், டேர் போட்டது (பாத்திர எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கியது) எல்லாம் போச்சு. ஒரு காரியம் மட்டும் உருப்படியாக நடந்தது: 5 கிலோ வரை தாங்கும் என்பதால், வீட்டில் வைத்திருக்கிற, பாரில் மாட்டும் 1.25 கிலோ இரும்புத் தட்டு இரண்டையும் அதில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 1190 கிராம், இன்னொன்று 1310. இத்தனை நாள் பெஞ்ச் பிரஸ்ஸில் வலது பக்கம் இழுக்கிறது என்று தோள்பட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 120 கிராம்தானே என்கிறான் நண்பன். எனக்கு மனசு ஆறவில்லை. அரை கிலோ தட்டு வாங்க விற்பவர்களிடம் கேட்டால் எடை துல்லியத்தைப் பற்றி ஒருத்தரும் பதில் சொல்வதில்லை, நிறம் என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சரியான 265-க்கு மாறிய நான்காவது நாள் எடை 74.6. 1.7 கிலோ ஏற்றம். தெரிந்த விஷயம்தான், ஒரு கிராம் கிளைக்கோஜன் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், 300 கிராம் திரும்பினாலே 1.2 கிலோ, மிச்சம் குடலில் இருக்கிற சோறு. தெரிந்தும் அன்று ராத்திரி ஓய்வு நாள் கார்பை 150 ஆக்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. தொப்புள் மட்டத்தில் டேப்பை வைத்தேன், அதே 82 செ.மீ. விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. எடை 74.1, இடுப்பு 81.5. ஸ்குவாட் 112.5-ல் 5, 5, 5, 5, 4. அந்தக் கடைசி ரெப்பில் பாதி ஏறி நின்று பாரைத் தாங்கும் பாதுகாப்புப் பின்களில் இறக்கினேன், கடுப்பாக இருந்தது, ஆனால் இது பஞ்சுத் தொடை இல்லை, பாரம்தான். ஜிம் நாள் கார்பில் பாதியைப் பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னும் முடிந்த பின்னும் வைத்துக்கொள்கிறேன். பயிற்சி நடுவில் கரைத்துக் குடிக்கும் கார்ப் பொடியான மால்டோடெக்ஸ்ட்ரினையும் பார்த்தேன். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு எனக்கு அது இனிப்புத் தண்ணீர், அவ்வளவுதான். டப்பா அலமாரியில் தூங்குகிறது.

இன்னும் நான்கு வாரம் கட்டிங் பாக்கி. அதற்குள் உருளைக்கிழங்குக்கு மாறிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. 100 கிராமுக்கு 17 கிராம் கார்ப்தான், தட்டு நிறையும், பசியும் அடங்கும். ஆனால் அதையும் பச்சையாக எடை போடுவதா, தோலோடா, வெந்த பிறகா என்று யோசித்துக்கொண்டே நேற்று ஒன்றைத் தராசில் வைத்தேன். பாதியில் அணைந்துவிட்டது.